பின்பாட்டுக்காரர்களின் சங்கீதம்: புதுக்கோட்டை பஜனை பத்ததி பற்றிச் சில குறிப்புகள்

"நம்ம ஊர்ல சேர்ந்திசை மரபே கிடையாது, அது சர்ச் வழியா வந்தது" என்று இசை பற்றிப் பேசும் இடங்களில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். பாதிதான் உண்மை. நாலு வகைக் குரல்கள் நாலு வெவ்வேறு வரிசைகளைப் பாடி ஒன்றாகச் சேரும் ஹார்மனி நம்மிடம் இல்லை. ஆனால் ஐம்பது பேர் உட்கார்ந்து, ஒத்திகை எதுவும் பார்க்காமல், ஒருத்தருக்கொருத்தர் பெயர்கூடத் தெரியாமல், ராக தாளம் பிசகாமல் நாலு மணி நேரம் பாடும் ஒரு ஏற்பாடு நம்மிடம் இருக்கு. அதன் இன்றைய வடிவத்துக்குப் பெயரே ஒரு ஊர்ப் பெயர்தான்: புதுக்கோட்டை பத்ததி.

இது பக்திக் கட்டுரை இல்லை. நான் பஜனைக்காரனும் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன், பிழைப்புக்கு சாஃப்ட்வேர் எழுதுறவன். "அறிமுகம் இல்லாத பலர் எப்படி ஒன்றாக வேலை செய்கிறார்கள்?" என்ற கேள்வி என் தொழிலிலேயே தினமும் வரும். அந்தக் கண்ணோடு இந்தப் பத்ததியைப் பார்த்தபோது தோன்றியதைத்தான் எழுதுகிறேன். இதில் என்ன சாதனை, எங்கே ஓட்டை என்ற இரண்டையுமே சொல்ல வேண்டியிருக்கு.

எங்கிருந்து வந்தது

தென்னாட்டு நாமசங்கீர்த்தனத்தில் மூன்று பேரை மூலவர்களாகச் சொல்வார்கள். கோவிந்தபுரம் போதேந்திரர், திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாள், மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள். மூன்று ஊருமே கும்பகோணத்தைச் சுற்றி இருப்பவை. முதல் இருவரும் நாமம் சொல்வதன் பெருமையை நிலைநாட்டியவர்கள். மருதாநல்லூர்க்காரர்தான், 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19இன் தொடக்கத்திலும், எதற்குப் பின் எதைப் பாடுவது என்ற வரிசைக்கு ஒரு வடிவம் கொடுத்தவர்.

20ஆம் நூற்றாண்டில் அந்த வடிவத்தை எடுத்து ஒழுங்குபடுத்தி, பாட்டுகளின் தொகையைப் பெருக்கி, எங்கே போனாலும் அப்படியே செய்யக்கூடிய ஒரு முறையாகப் பரப்பியவர் புதுக்கோட்டை கோபாலகிருஷ்ண பாகவதர். இன்று மயிலாப்பூரிலோ, மும்பை மாட்டுங்காவிலோ, டெல்லி கரோல்பாக்கிலோ சம்பிரதாய பஜனை நடந்தால் பெரும்பாலும் பின்பற்றப்படுவது அவர் முறைதான்.

பாடுகிற வரிசை ஏறக்குறைய இப்படி: முதலில் தோடய மங்களம். நாட்டையில் தொடங்கி ஆரபி, மத்தியமாவதி, சாவேரி, பந்துவராளி என்று போகும். பிறகு குரு தியானம், குருவைப் பற்றிய பாட்டுகள். பிறகு ஜெயதேவரின் அஷ்டபதி, நாராயண தீர்த்தரின் தரங்கம், பத்ராசல ராமதாசர், புரந்தரதாசர், சதாசிவ பிரம்மேந்திரர், கோபாலகிருஷ்ண பாரதி, தியாகராஜர். அபங்கம், மீரா பஜன் எல்லாம் உண்டு. அப்புறம் குத்துவிளக்கைச் சுற்றி ஆடிக்கொண்டே பாடும் திவ்யநாமம். கடைசியில் டோலோத்சவம், மங்களம்.

மொழிக் கணக்கு போட்டுப் பாருங்கள்: சமஸ்கிருதம், தெலுங்கு, கன்னடம், தமிழ், மராத்தி, இந்தி. ஆறு மொழி. பாடுகிறவருக்கு இதில் ஒன்றோ இரண்டோதான் தெரிந்திருக்கும். தமிழ் எழுத்தில் அச்சடித்த பஜனைப் புத்தகம் கையில் இருக்கும், அவ்வளவுதான்.

ஒத்திகை இல்லாமல் எப்படி முடியுது?

எனக்கு இந்தப் பத்ததி ஒரு பாட்டுத் தொகுப்பாகத் தெரியவில்லை, ஒரு ப்ரோட்டோகாலாகத்தான் தெரியுது. எங்கள் தொழிலில் ப்ரோட்டோகால் என்றால், முன்பின் தெரியாத இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ள முன்கூட்டியே ஒப்புக்கொண்ட விதிகள். யார் முதலில் பேசுவது, எதற்கு என்ன பதில், பேச்சு முடிந்தது என்று எப்படித் தெரிவிப்பது என்பதெல்லாம் அதில் இருக்கும். புதுக்கோட்டை பத்ததியிலும் இந்த மூன்றும் இருக்கு.

யார் முதலில் என்பதில் குழப்பமே இல்லை. பாகவதர் ஒரு அடி பாடுவார், கோஷ்டி அதைத் திருப்பிப் பாடும். வார்த்தை தெரியாதவருக்குக்கூட ஒரு அடி முன்னாலேயே காதில் விழுந்துவிடும். பாட்டு முடிந்ததற்கு அடையாளம் புண்டரீகம்: ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் சேர்ந்து பதில் குரல் கொடுப்பார்கள். அடுத்தது யாருடைய பாட்டு என்பது வரிசையிலேயே இருக்கு. யாரும் யாரையும் கேட்க வேண்டாம்.

இதைவிட முக்கியமானது மெட்டு. அஷ்டபதி ஒவ்வொன்றுக்கும் இன்ன ராகம் என்று வழக்கம் உண்டு. முதல் அஷ்டபதி சௌராஷ்டிரம், பத்தொன்பதாவது முகாரி. கச்சேரியில் ஒரு வித்வான் அதே அஷ்டபதியை வேறு ராகத்தில் அமைத்துப் பாடலாம், கைதட்டும் வாங்கலாம். பஜனையில் அப்படிச் செய்தால் ஐம்பது பேரும் ஊமையாகிவிடுவார்கள். இங்கே புதுமை செய்யாமல் இருப்பதே அடுத்தவருக்குக் காட்டும் மரியாதை.

தியாகராஜரிடமே இதற்குச் சாட்சி இருக்கு. சங்கதி சங்கதியாக வளரும் பெரிய கிருதிகளைச் செய்தவர், திவ்யநாமக் கீர்த்தனைகள் என்று வேறொரு வகையும் செய்திருக்கிறார். அவற்றில் சரணங்கள் எல்லாம் ஒரே மெட்டில்தான் வரும். பல பாட்டுகளில் பல்லவிக்கும் சரணத்துக்கும்கூட ஒரே மெட்டு. முதல் சரணத்தில் திணறுகிறவர் மூன்றாவது சரணத்தில் சேர்ந்துகொள்ளலாம். கிருதி செய்யத் தெரியாததால் அவர் இதைச் செய்யவில்லை. பாடப்போவது யார் என்று தெரிந்து செய்திருக்கிறார். 'இதெல்லாம் எளிய பாட்டுப்பா' என்று கச்சேரி ரசிகர்கள் ஒதுக்கும்போது கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

ஆகவே கோஷ்டி கானத்தை அளக்க என்னுடைய அளவுகோல் இது: அந்த ஏற்பாட்டில் தனியாகப் பாட முடியாத குரலுக்கு என்ன கதி? நல்ல குரல் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும். மட்டமான குரலையும் தாங்கிக்கொண்டு, அதையும் இசையின் பகுதியாக மாற்றுவதுதான் கோஷ்டியின் திறமை. மிருதங்கமும் ஜால்ராவும் சிப்ளாக் கட்டையும் தாளத்தைக் காட்டிக்கொடுக்கும். ஹார்மோனியம் சுருதியைக் காட்டிக்கொடுக்கும். பக்கத்தில் இருப்பவர் வார்த்தையைக் காட்டிக்கொடுப்பார். நாமாவளியில் வேகம் ஏற ஏற, தனித்தனிக் குரல்களின் கரடுமுரடெல்லாம் தேய்ந்து ஒரே ஓசையாகும். இந்த அளவில் புதுக்கோட்டை பத்ததி ஒரு பெரிய சாதனை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கல்லில் எழுதியதும் தொண்டையில் எழுதியதும்

எங்கள் மாவட்டத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு உதாரணமும் இருப்பது வேடிக்கை. குடுமியான்மலையில், சிகாநாதர் கோயிலுக்குப் பின்னால் உள்ள குடைவரையை ஒட்டிய பாறையில், 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் இசைக் கல்வெட்டு இருக்கு. பல்லவ கிரந்த எழுத்து. ஏழு பகுதிகள், எல்லாம் ஸ்வரக் கோவைகள், நான்கு நான்காகப் பிரித்து வரிசையாக. ருத்ராசார்யரின் சீடரான ஒரு சிவபக்த அரசர், மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று கல்வெட்டே சொல்லுது. அந்த அரசர் மகேந்திரவர்ம பல்லவன்தான் என்று நீண்டநாள் சொல்லி வந்தார்கள், மறுப்பவர்களும் உண்டு. 1914-ல் பண்டார்கர் இதை எபிகிராஃபியா இண்டிகாவில் பதிப்பித்தார்.

ஆவணம் என்ற வகையில் இதைவிடப் பத்திரமானது வேறில்லை. ஆயிரத்து முந்நூறு வருஷமாக மழையில் நனைந்தும் நிற்குது. ஆனால் இதைப் பார்த்து, இது இப்படித்தான் ஒலித்தது என்று பாடிக்காட்ட முடியுமா? எழுத்துகளின் மேலே உள்ள புள்ளிகளுக்கு என்ன பொருள் என்பதிலேயே அறிஞர்கள் வாதிடுகிறார்கள். பாடிக்கொண்டே வந்த ஒரு கூட்டம் நடுவில் அறுந்துபோனதால், மாணவர்களுக்காக எழுதியது ஆராய்ச்சியாளர்களுக்கான பொருளாகிவிட்டது.

பஜனை பத்ததியை யாரும் கல்லில் வெட்டவில்லை. புத்தகங்களில்கூடப் பெரும்பாலும் பாட்டின் வார்த்தையும் ராகப் பெயரும்தான். ஆனால் அது பாடப்படுது. ஒரு இசைமுறை உயிரோடு இருப்பதற்கு ஸ்வரக் குறிப்பைவிட, வாரா வாரம் கூடும் முப்பது சாதாரணத் தொண்டைகள்தான் அதிகம் உதவும் என்பதற்கு இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

இப்போ ஓட்டைகள்

முதல் ஓட்டை, யார் அந்த முப்பது பேர் என்பது. அமெரிக்க மானுடவியலாளர் மில்டன் சிங்கர் 1950களிலும் 60களிலும் சென்னையில் தங்கி ராதாகிருஷ்ண பஜனைகளைக் கவனித்து விரிவாக எழுதியிருக்கிறார். பஜனையில் வயது, உத்தியோக வித்தியாசம் இல்லாமல் ஒருவர் காலில் ஒருவர் விழுந்து வணங்குவதை அவர் முக்கியமாகக் குறிப்பிடுகிறார். கோஷ்டிக்குள் எல்லோரும் சமம் என்ற எண்ணம் அது. ஆனால் அந்தக் கோஷ்டிக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் பிராமண ஆண்கள், நகரத்து உத்தியோகஸ்தர்கள் என்பதையும் அவர் பதிவு செய்கிறார். கதவுக்கு உள்ளே சமத்துவம். ஆனால் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. ப்ரோட்டோகால் எவ்வளவு எளிதாக இருந்தாலும், வாசலில் யாரை நிறுத்துகிறோம் என்பதை அது சரிசெய்யாது.

இரண்டாவது ஓட்டை நுட்பமானது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசி நான் கேட்டதில்லை. சுருதி. பஜனையில் ஹார்மோனியக்காரர் வைக்கும் சுருதி ஆண் பாகவதருக்கு ஏற்றது: ஒன்று, ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு கட்டை. பெண்களுக்கு இயல்பான சுருதி நாலரையிலிருந்து ஐந்தரை கட்டை. ஒன்றரைக் கட்டையில் ஆண்களோடு சேர்ந்தே பாடினால் மத்திய ஸ்தாயியின் கீழ்ப்பாதி ஒரு பெண்ணின் அடித்தொண்டைக்கும் கீழே போய்விடும். ஒரு ஸ்தாயி ஏற்றிப் பாடினால் மேல் மத்தியமம், பஞ்சமம் வரும் இடங்கள் கீச்சுக்குரலாகும். அதனால் என்ன நடக்கும்? கூட்டத்தில் பாதிப் பேர் வாயசைப்பார்கள், அல்லது எட்டுகிற இடத்தில் மட்டும் பாடுவார்கள். 'பெண்கள் சேர்ந்து பாடுறதில்லையே' என்று பிறகு சொல்வார்கள். பாடவே முடியாத உயரத்தில் பாட்டை வைத்துவிட்டு, பாடவில்லை என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

சர்ச் கொயர்களில் நாலு குரல் பிரித்ததற்கு அழகு மட்டும் காரணமில்லை. ஆண், பெண், கனமான குரல், மெல்லிய குரல் ஒவ்வொன்றுக்கும் அதனதன் இயல்பான உயரத்தில் ஒரு இடம் கொடுக்கும் வழி அது. நம் மரபு இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை என்றுதான் சொல்லணும்.

மூன்றாவது ஓட்டை புதுசு: மைக். இப்போது பஜனை பெரிய பந்தல்களில், மேடை போட்டு நடக்குது. நடுவில் நட்சத்திர பாகவதர். பிருகா, ராக ஆலாபனை, ஸ்வரம் எல்லாம் வருது. பக்கத்தில் பயிற்சி பெற்ற நாலைந்து பின்பாட்டு இளைஞர்கள், ஆளுக்கொரு மைக். கீழே ஆயிரம் பேர் கைதட்டுகிறார்கள். சமீபத்திய ரெக்கார்டிங்குகள் சிலவற்றை ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பார்த்தேன். மேடைக்கு வெளியே இருப்பவர்களின் குரல் நாமாவளியில் மட்டும் லேசாகக் கேட்டது, அதுவும் கைதட்டலாக. கோஷ்டி ரசிகர் கூட்டமாகிவிட்டது.

இதற்கு ஆதரவாகவும் நியாயம் உண்டு. மேடை பஜனைதான் இளைஞர்களை இழுத்து வந்தது, பாகவதர்களுக்கு மரியாதையான வருமானம் கொடுத்தது, பாட்டுகளையெல்லாம் பதிவாக்கி வைத்தது. நல்ல சங்கீதமாகவும் இருக்கு. ஆனால் பத்ததியின் சொந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் இது வளர்ச்சி இல்லை, வடிவமே மாறிவிட்டது. வரிசை அப்படியே இருக்கு, ராகங்கள் அப்படியே இருக்கு, தனியாகப் பாட முடியாதவருக்கு இருந்த இடம் மட்டும் இல்லை.

வேறு இரண்டு வழிகள்

இதே பிரச்னையை வேறு மாதிரி அணுகியவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. ஒருவர் எம்.பி.சீனிவாசன் (1925-1988). சினிமா இசையமைப்பாளர், சினிமா இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் கட்டிய தொழிற்சங்கவாதி, சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை நிறுவியவர். ஆணும் பெண்ணுமாகப் பல குரல் பிரித்து, பாரதி பாடல்களையும் பல இந்திய மொழிப் பாடல்களையும் ஹார்மனியோடு பாடவைத்தார். மேலே சொன்ன சுருதிப் பிரச்னையை அவர் குரல் பிரிவுகளால் தீர்த்தார். ஆனால் அதற்கு விலை கொடுத்தார். ராகத்தின் கமகம் பல குரல்களில் ஒரே மாதிரி வராது, அதனால் ஸ்வரங்களை நேராக நிறுத்த வேண்டியிருந்தது. ஒத்திகையும் நடத்துநரும் இல்லாமல் அது நடக்காது. தேர்வாகி வந்தவருக்குச் சாதி மதம் பார்க்காத இடம். ஆனால் வழியில் போகிறவர் உள்ளே வந்து உட்கார்ந்து பாட முடியாது. பஜனையின் பலமும் பலவீனமும் இங்கே அப்படியே இடம் மாறியிருக்கு.

இன்னொன்று எங்கள் மாவட்டத்திலேயே நடந்தது. 1991-92 அறிவொளி இயக்கம். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் இரவில் கூடிப் படித்தார்கள், சைக்கிள் ஓட்டினார்கள், பாடினார்கள். முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு அந்த இயக்கத்தின் கீதமாகவே ஆனது. அங்கே ஹார்மோனியம் இல்லை. எந்தப் பெண் ஆரம்பிக்கிறாரோ அவர் குரல்தான் சுருதி. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் திருப்பிப் பாடும் முறை, பஜனை முறையேதான். ஆனால் வாசலில் யாரும் நிற்கவில்லை. சாஸ்திரிய சங்கீதக்காரர்கள் இதை சங்கீதம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ராகம் வளரவில்லை, தாளத்தில் நுட்பமில்லை என்பது சரிதான். இயக்கம் ஓய்ந்ததும் வாரா வாரம் கூடுவதும் ஓய்ந்தது என்பதும் சரி. ஆனால் என்னுடைய அளவுகோலில், தனியாகப் பாட முடியாத குரலுக்கு இவ்வளவு அகலமாக இடம் போட்ட ஏற்பாடு இந்த மாவட்டத்தில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

என் முடிவு

புதுக்கோட்டை பத்ததியின் பெரிய சொத்து அதன் பாட்டுகள் இல்லை, அவை எல்லாம் வேறு ஊர்களில் பிறந்தவை. தெரியாதவர்கள் சேர்ந்து பாடுவதற்கான விதிகள்தான் சொத்து. அவற்றை வைத்துக்கொண்டே ஓட்டைகளை அடைக்க முடியும், வெளியே எங்கும் கடன் வாங்க வேண்டாம்.

சுருதிக்கு உள்ளேயே மருந்து இருக்கு: மத்தியம சுருதி. புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, குறிஞ்சி, நவரோஜ் போன்ற ராகங்களை மத்தியமத்தையே ஸட்ஜமாக வைத்துப் பாடுவது பழைய வழக்கம். ஒன்றரைக் கட்டைக்கு மத்தியமம் நாலரைக் கட்டை. பெண்களின் சுருதி அங்கேயேதான் ஆரம்பிக்குது! இந்த ராகங்கள் மேலே தார ஸ்தாயிக்குப் போவதில்லை என்பதால் ஆண்களுக்கும் தொண்டை இழுக்காது. வரிசையில் இப்படி ஒரு பகுதியை ஒதுக்கி, ஒரு பெண் எடுத்துக்கொடுக்க எல்லோரும் திருப்பிப் பாடினால் சம்பிரதாயத்தில் எந்த எழுத்தும் மாறாது.

மைக்குக்கு வழி இன்னும் சுலபம். பின்பாட்டு மைக்குகளில் இரண்டை மேடையிலிருந்து எடுத்துக் கூட்டத்தின் நடுவில் வைக்கலாம். கேட்க கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கும். இருக்கட்டும், கோஷ்டி கானம் அந்தக் கரடுமுரடைத் தேய்த்து எடுப்பதற்காகவே உருவானது.

வாசலுக்குத்தான் தொழில்நுட்பத் தீர்வு எதுவும் கிடையாது. விதிகளை எழுதிய ஊர் அது. கோஷ்டியில் யார் உட்காரலாம் என்ற பகுதியையும் அந்த ஊரே திருத்தி எழுதினால் நல்லது. அதுவரை இந்தப் பத்ததியைப் பாதி முடிந்த மகத்தான வேலை என்றுதான் நான் சொல்வேன்.